கபடித் தளம் போட ஒரு கயிறு போதும்

பந்து இல்லை, நெட் இல்லை, பி.இ.டி. சாரும் இல்லை என்று விளையாட்டுப் பீரியடில் கணக்குப் பாடம் நடத்திவிடாதீர்கள். கபடிக்கு மண் போதும். 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலத்தில் தளத்தை நீங்களே போடலாம். பெண்கள் ஆட்டத்துக்கு உள்ள அளவு அதுதான்.

முதல் வேலை முள் பொறுக்குவது. நம் பக்கம் சீமைக்கருவேலம் எங்கும் இருக்கிறது, பிள்ளைகளோ வெறுங்காலோடு வருவார்கள். மதுரைப் பக்கத்துச் சக்கிமங்கலத்து ஓட்டப்பந்தய வீராங்கனை ரேவதி வீரமணியும் ஆரம்பத்தில் வெறுங்காலோடு ஓடியவர்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்பு ரிலே வரை போனார். ஷூ இல்லை என்று யாரையும் ஓரமாக உட்கார வைக்காதீர்கள், தரையைச் சுத்தமாக்குங்கள்.

அப்புறம் மண். திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் வெயிலில் கல்லாக இறுகிவிடும். ஒரு சாண் ஆழம் கொத்தி, கல் பொறுக்கி, மேலே செம்மண் பரப்புங்கள். முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் தெளித்தால் விழுகிற பிள்ளைக்கு முட்டி சிராய்க்காது.

இனி மூலை மட்டம். கோணலான தளங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கொத்தனாரிடம் டேப் வாங்கி, 12 மீட்டர் கயிற்றில் 3ஆவது, 7ஆவது மீட்டரில் அடையாளம் கட்டி, இரு நுனிகளையும் சேர்த்து முடியுங்கள். முடிச்சை ஒரு பிள்ளையும் அடையாளங்களை இரண்டு பிள்ளைகளும் பிடித்து விறைப்பாக இழுத்தால், 3 மீட்டரும் 4 மீட்டரும் சேருமிடம் சரியான செங்கோணம். எட்டாம் வகுப்புப் பிதாகரஸ் தேற்றம்தான் இது, பிள்ளைகளிடமே கேளுங்கள். நான்கு மூலையிலும் முளை அடித்ததும் மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். இரண்டும் 14.42 மீட்டர் வர வேண்டும்.

நீளத்தின் பாதியில் நடுக்கோடு. அதிலிருந்து இருபுறமும் 3 மீட்டரில் பாக் லைன், அதாவது பாடிப் போகிறவர் தாண்டியே ஆக வேண்டிய கோடு. இன்னும் 1 மீட்டர் தள்ளி போனஸ் லைன், அதாவது கூடுதல் புள்ளிக்கான கோடு. 8 மீட்டர் அகலத்துக்கு உள்ளேயே இரு பக்கவாட்டிலும் 1 மீட்டர் லாபி, அதாவது ஒருவரை ஒருவர் தொட்ட பிறகுதான் மிதிக்கக்கூடிய ஓரப் பட்டை. கோட்டுக்குச் சுண்ணாம்புத்தூள் வேண்டவே வேண்டாம், குப்புற விழும் பிள்ளையின் கண்ணை எரித்துவிடும். மண்ணில் குச்சியால் ஆழமாகக் கீறினாலே போதும்.

ஆட்டத்தில் 14 பேர், வகுப்பில் 40 பேர் என்றால்? ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றுங்கள். வெளியில் நிற்பவர்கள் ரெய்டின், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போவதன், 30 விநாடியைச் சத்தமாக எண்ணட்டும், கோட்டைப் பார்க்கட்டும், புள்ளி எழுதட்டும். சும்மா நிற்கிற பிள்ளை அடுத்த வாரம் வயிற்றுவலி என்று வகுப்பிலேயே இருந்துவிடும்.

ஆட்டத்துக்கு முன் முளைகளைப் பிடுங்கிவிட்டு, அந்தக் குழிகளில் செங்கல் துண்டை ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். ஐப்பசி மழை கோட்டை அழித்தாலும், தோண்டினால் மூலை கிடைத்துவிடும்.