நிலநடுக்கத்துக்குக் கட்டடம் வரையும்போது எங்கே சறுக்குகிறோம்?

“நமக்கு ஏது நிலநடுக்கம், அதெல்லாம் சுமத்ராவுக்கு” என்று கணக்கை மூடுவதுதான் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் முதல் சறுக்கல். 2005 மார்ச் 28 அன்று, சுமத்ராவை ஒட்டிய நியாஸ் தீவின் நிலநடுக்கத்தின்போது கோலாலம்பூர் அடுக்குமாடிவாசிகள் படியிறங்கி ஓடினார்கள். தொலைவில் இருந்து வரும் அதிர்வில் வேகமானது வழியிலேயே தேய்ந்துவிடும், மெதுவாக ஆடும் அலைதான் வந்து சேரும். மாடி எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால் கட்டடம் ஒருமுறை ஆடி வர எத்தனை வினாடி என்பது தோராயமாகக் கிடைக்கும். இருபது மாடிக்கு இரண்டு வினாடி. அலையும் அதே தாளத்தில் வந்தால் ஆட்டம் பெருகும். அதனால் தரை எவ்வளவு பலமாக அதிரும் என்ற அளவு சின்னதாக இருப்பதைப் பார்த்து உயரக் கட்டடத்தை விட்டுவிடக் கூடாது.

அடுத்தது மண். 1985-இல் மெக்சிகோ நகரம் 350 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த நிலநடுக்கத்தில் நொறுங்கியதற்குக் காரணம் பழைய ஏரிப்படுகைக் களிமண். பினாங்கில் கடலோரச் சேற்று மண்ணில் பைலிங் (அடித்தளத் தூண்கள்) ஆழமாக இறங்கிவிட்டது என்பதால் மண் வகையைப் பாறை என்று குறிப்பது பெரிய பிழை. மேல் 30 மீட்டர் மண்ணில் வெட்டு அலையின் (மண்ணைக் குறுக்கே ஆட்டிச் செல்லும் அலை) சராசரி வேகம் வினாடிக்கு 180 மீட்டருக்குக் கீழே என்றால் நிலநடுக்கத்துக்கான ஐரோப்பியக் கட்டட விதிநூலான யூரோகோட் 8-இல் அது மென்மண்.

கீழ்த்தளங்களில் சுவரில்லாமல் கார் பார்க், மேலே செங்கல் சுவர் நிறைந்த வீடுகள்: நம் கொண்டோக்களின் வழக்கமான முகம் இது. ஆட்டம் முழுவதும் கீழ்த் தூண்களிலேயே குவியும். அங்கே பாதி உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர் கட்டித் தூணோடு ஒட்டினால் இன்னும் மோசம். தூணின் அசையும் நீளம் பாதியாகும், விறைப்பு எட்டு மடங்காகும். பக்கத்துத் தூண்களின் பங்கையும் இழுத்துக்கொண்டு குறுக்கே பிளக்கும். சுவருக்கும் தூணுக்கும் இடையே இடைவெளி விட்டு, மென்மையான நிரப்பியால் மூடுங்கள்.

கடைசியில் ரிங், அதாவது தூணின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி. வரைபடத்தில் இருக்கும், கட்டுமிடத்தில் இருக்காது. கொக்கியை 90 பாகையில் மடித்தால் கம்பியை மூடியிருக்கும் வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் திறந்துவிடும். 135 பாகையில் மடித்து, முனையை ரிங் கம்பி விட்டத்தைப் போல் பத்து மடங்கு உள்ளே விடவேண்டும். 8 மி.மீ. ரிங் என்றால் 80 மி.மீ. 300 மி.மீ. சதுரத் தூணில், 16 மி.மீ. நெடுக்குக் கம்பிக்கு, தூணின் தலையிலும் அடியிலும் ரிங் இடைவெளி 115 மி.மீ. அளவுதான், வழக்கமான 200 அல்ல. பீமும் தூணும் சேரும் முடிச்சுக்குள்ளே ரிங் போட இடமில்லை என்று கம்பி கட்டுபவர் விட்டுவிடுவார். கான்கிரீட் ஊற்றும் காலையில் முதலில் எட்டிப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.