கவனிப்பாரற்றுக் கிடந்த மோட்டார் படகை வாங்குவதும் சீரமைப்பதும்

பல ஆண்டுகள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த படகைப் பார்க்கப் போகிறவரின் கண் முதலில் எஞ்சின் மீதுதான் விழும். விற்பவரும் அதைத்தான் முதலில் காட்டுவார். ஆனால் எஞ்சின் பழுதென்றால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். உள்ளே மரம் இற்றுப்போன உடலைச் சரிசெய்யும் செலவோ, பல நேரங்களில் படகின் விலையையே தாண்டிவிடும்.

ஃபைபர் படகுகள் பலவற்றில், எஞ்சின் தொங்கும் பின்பலகைக்குள் ஒட்டுப்பலகை இருக்கும். போல்ட் துளைகளின் வழியே கசியும் நீர் அதை வெளியே தெரியாமல் உளுத்துப்போகச் செய்யும். பிளாஸ்டிக் சுத்தியலால் ஓரம் முதல் ஓரம் வரை மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் ‘டக்’கென்று தெளிவாகக் கேட்கும் ஓசை, இற்றுப்போன இடத்தில் ‘தொப்’பென்று அமுங்கும். அடுத்து, அவுட்போர்டு எஞ்சினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது பின்பலகை வளைந்தாலோ, போல்ட்டைச் சுற்றிப் பழுப்பு நீர் கசிந்தாலோ, விலையை வெகுவாகக் குறைத்துக் கேட்க வேண்டும். அல்லது வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். தளத்தில் நடக்கையில் கால் அமுங்கினால், அடியிலுள்ள தாங்குகட்டைகளும் ஊறியிருக்கக்கூடும்.

எஞ்சினைத் தொட்டுப் பார்த்த பிறகே ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே அது சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் எஞ்சினோ என்று ஐயப்படலாம். கியர் ஆயில் திருகைச் சற்றே தளர்த்தும்போது வரும் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், சீல் போய் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. கம்ப்ரஷன் அளவு, அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், சிலிண்டர்களுக்கிடையே 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் வேறுபடக் கூடாது. குளிர்விக்கும் நீர் இல்லாமல் எஞ்சினை ஒருபோதும் ஓட்டாதீர்கள். அந்த நீரை இறைக்கும் ரப்பர் சுழலி (இம்பெல்லர்) வெகு விரைவில் கருகிவிடும். படகின் உடலில் பொறித்த எண் ஆவணத்திலுள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வாங்கியதும் பாலிஷ் டப்பாவைத் திறக்கத் தோன்றும். அது கடைசி வேலை. முதலில் நீர் உட்புகும் வழிகளை அடைக்க வேண்டும். ஈரமரத்துக்குள் பிசினைச் செலுத்திவிட்டால் போதும் என்று சொல்வோரை நம்ப வேண்டாம், ஈரத்தில் அது பிடிக்காது. இற்ற மரத்தை முழுவதும் வெட்டி எடுத்து, எஞ்சியதை நன்கு உலரவிட்டு, மரைன் ஒட்டுப்பலகையை எப்பாக்சிப் பிசின் கொண்டு ஒட்ட வேண்டும். புதிய துளைகளைச் சற்றுப் பெரிதாகத் துளைத்து, எப்பாக்சியால் நிரப்பி, அது இறுகிய பின் நடுவில் மீண்டும் துளைத்தால், போல்ட் கசிந்தாலும் நீர் மரத்தை எட்டாது.

அடுத்தது தீ அபாயம். பழைய பெட்ரோலை முழுவதும் வெளியேற்றி, எரிபொருள் குழாய்களைப் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகுக்குள்ளேயே எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தால் அந்த ஆவி அடிப்பள்ளத்தில் தேங்கி நிற்கும். ஆகவே கிளப்புமுன் நான்கு நிமிடமாவது காற்றோட்ட விசிறியை ஓடவிட வேண்டும்; மலிவாகக் கிடைக்கிறதென்று காரின் ஸ்டார்ட்டரையோ ஆல்டர்னேட்டரையோ மாட்டவும் கூடாது, அவை தீப்பொறி வெளியேறாதபடி மூடப்பட்டிருப்பதில்லை. மின்கம்பிகளுக்கு வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியே நீடித்துழைக்கும்.

பிறகு இம்பெல்லர், ஸ்பார்க் பிளக், கியர் ஆயில் ஆகியவற்றைப் புதிதாக்கி, மற்ற உலோகப் பாகங்களுக்குப் பதிலாகத் தாமே அரிபடும் உலோகத் துண்டுகளான ஆனோடுகளை நீருக்கேற்ப மாற்றுங்கள்: உப்பு நீருக்குத் துத்தநாகமோ அலுமினியமோ, நன்னீருக்கு மக்னீசியம்.

முதன்முறை நீரில் இறக்கும்போது வடிகால் அடைப்பானைத் திருகியாயிற்றா என்று கையால் தொட்டுப் பாருங்கள். இதை மறந்தவர்கள் ஏராளம். படகு மிதந்த பிறகும் டிரெய்லரை உடனே இழுத்துவிடாமல், அடிப்பள்ளத்தில் டார்ச் அடித்தபடி கால் மணி நேரம் காத்திருங்கள். உலர்ந்த பள்ளத்தில் ஈரக்கோடு ஒன்று ஊர்ந்து வந்தால், அது எந்தத் துளையிலிருந்து கிளம்புகிறது என்று அப்போதே கண்டுபிடித்து, படகை மேலே ஏற்றிவிடலாம்.