வரலாற்றுக்கு வேஷம் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் நெருங்கினால் வடசென்னைக் கல்லூரிகளில் ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும். சென்னையின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிற மெட்ராஸ் டேவை ஒட்டி ஒரு சொற்பொழிவு, அதோடு மாணவர்களே வேஷம் கட்டி அந்தக் காலத்து ஆட்களாக வந்து பேசுகிற ஒரு நிகழ்ச்சி. எனக்கு இது மிகவும் பிடித்த வேலை. கோட்டை, மயிலாப்பூர் என்றே சுற்றிக்கொண்டிருந்த ஊர்க்கதை ராயபுரத்துக்கும் புளியந்தோப்புக்கும் வந்து சேர்ந்ததில் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஒத்திகை பார்க்கக் கூப்பிடும்போதெல்லாம், நாங்கள் ஆரம்பத்தில் விழுந்த அதே பள்ளங்களில் அவர்களும் வரிசையாக விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

மைக் வேலை செய்கிறதா, ப்ரொஜக்டருக்கு ஒயர் இருக்கிறதா என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது ஒருதரம் பட்டால் தானாக வந்துவிடும்.

ஆதிகாலத்திலிருந்து ஆரம்பிப்பது

தலைப்பு ராயபுரம் ரயில் நிலையம், நேரம் நாற்பது நிமிடம். பேச்சாளர் பல்லவரில் தொடங்கி, திருவொற்றியூர்க் கல்வெட்டுகளைத் தொட்டு, 1639-ல் கம்பெனிக்காரர்களுக்கு இடம் கிடைத்த கதைக்கு வருவதற்குள்ளேயே பாதி நேரம் தீர்ந்துபோகும். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் பயணிகள் ரயில் ஓட ஆரம்பித்தது, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அதுதான் என்ற செய்தி கடைசி ஐந்து நிமிடத்தில் மூச்சிரைக்க வரும். அங்கேயே ஆரம்பியுங்கள். இன்றைக்கும் ராயபுரம் ஸ்டேஷனைக் கடந்து கல்லூரிக்கு வருகிற பிள்ளை எதிரில் உட்கார்ந்திருக்கிறது; அந்தக் கட்டடம் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, அதில் முதலில் ஏறியவர்கள் யார், சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள், அரங்கம் நிமிர்ந்து உட்காரும்.

கட்டடங்களின் வயதைப் பார்க்காமல் வசனம் எழுதுவது

1856 ரயிலைப் பற்றிய காட்சியில் ஒரு பாத்திரம் "நான் சென்ட்ரலில் இறங்கி நடந்து வந்தேன்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். சென்ட்ரல் வந்தது 1873-ல். அதே காட்சியில் இன்னொருவர் ஹைகோர்ட் கோபுரத்தைக் கை காட்டினார், அந்தக் கட்டடம் திறந்தது 1892-ல். ஸ்டான்லி ஆஸ்பத்திரியும் அப்படித்தான். அதன் வேர் 18-ஆம் நூற்றாண்டுப் பஞ்சகாலத்து மணியக்காரர் சத்திரத்தில் இருக்கிறது, ஆனால் ஸ்டான்லி என்ற பெயர் 1930-களில்தான் வருகிறது. அதற்கு முந்தைய காலத்து ஆள் அந்தப் பெயரைச் சொல்ல முடியாது. வசனத்தில் வருகிற ஒவ்வொரு கட்டடத்துக்கும் தெருவுக்கும் பக்கத்தில் அது எப்போது வந்தது என்று பென்சிலால் எழுதிவைக்கும் பழக்கம் போதும், பாதிப் பிழை அங்கேயே நின்றுவிடும்.

பொன்னாடை

நிகழ்ச்சி முடிந்த பிறகு.

பெயர் தெரிந்தவர் வாயில் இட்டுக்கட்டிய வசனம் வைப்பது

என்னை இன்னும் எரிச்சலூட்டுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எம்டன் கதையை எடுக்காத கல்லூரி வடசென்னையில் இல்லை. எடுக்க வேண்டிய கதைதான். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணிவாக்கில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசிவிட்டுப் போனது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பல் அடிவாங்கியது, உயிர்கள் போயின, அடுத்த சில நாட்களில் ஏராளமான பேர் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். கப்பலின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். பிரிட்டிஷ்காரர்களின் மதிப்பை இந்திய மக்கள் கண்முன்னே குலைப்பதும் வியாபாரத்தைக் கலைப்பதும்தான் அவர் நோக்கம். இதில் நாடகத்துக்கு என்ன குறை?

ஆனால் பிள்ளைகள் மேடையேற்றுவது விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளையை. அவர் கப்பல் மேல்தளத்தில் நின்று ஊரைக் காட்டி, கோயில்கள் மேல் படாமல் சுடச் சொல்லி முல்லருக்கு உத்தரவிடுவதாக ஒரு நீண்ட வீரவசனம். நான் பார்த்த ஒரு நிகழ்ச்சியில் விளக்கை அணைத்து, சிவப்புத் துணியை விசிறி, ஒரு பையன் அதை அருமையாகச் செய்தான். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

செண்பகராமன் அந்தக் கப்பலில் இல்லை. எம்டன் சீனக் கரையில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்தாவ் துறைமுகத்திலிருந்து 1914 ஆகஸ்டில் கிளம்பி, பசிபிக் வழியாக, இன்றைய இந்தோனேசியத் தீவுகளைக் கடந்து வங்காள விரிகுடாவுக்குள் வந்தது. அந்த மாதங்களில் அவர் ஐரோப்பாவில், சூரிச்சில் இருந்து இந்திய விடுதலைக்காக வேலை செய்துகொண்டிருந்தார். பிறகு பெர்லினுக்குப் போனார். அப்போது ஐரோப்பாப் பக்கமே போகாத கப்பலில் அவர் ஏறியிருக்க வழியே இல்லை. திருவனந்தபுரத்தில் பிறந்து, பெர்லினில் 1934-ல் இறந்துபோன அந்த மனிதரின் வாழ்க்கை அதன் அளவிலேயே பெரியது, இந்தக் கட்டுக்கதை இல்லாமலே அவருக்கு மேடை கொடுக்கலாம்.

சரி, ஒரு கல்லூரி நிகழ்ச்சிதானே, இதில் என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். நஷ்டம் இருக்கிறது.

முதல் நஷ்டம், வேஷம் கட்டிப் பேசுவதற்கு இருக்கிற பலம். புத்தகத்தில் தப்பாக இருந்தால் ஒருவர் சந்தேகப்படுவார். கண்ணெதிரே ஒருவர் உடையோடும் உணர்ச்சியோடும் "நான் பார்த்தேன், நான் சொன்னேன்" என்று பேசினால் யாரும் சந்தேகப்படுவதில்லை, அதுவும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருக்கும்போது. நிகழ்ச்சி முடிவில் பேராசிரியர் ஒருவர் எழுந்து "இதில் சில பகுதிகள் கற்பனை" என்று ஒரு வாக்கியம் சொன்னார், பாதிப் பேர் டீக்குப் போய்விட்டார்கள். செல்போனில் எடுத்த துண்டு வீடியோவில் அந்த வாக்கியம் இல்லை, வீரவசனம் மட்டும் இருந்தது. அதே வீடியோவை வேறொரு மாணவர் குழு தங்கள் நிகழ்ச்சிக்கு ஆதாரம் என்று என்னிடமே கொண்டுவந்து காட்டியது. எந்தப் பகுதி கற்பனை என்று கேட்டேன். அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

இரண்டாவது நஷ்டம்தான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு அரங்கில் காசிமேட்டுப் பெரியவர் ஒருவர் இருந்தார். எம்டன் சுட்ட இரவில் தன் பாட்டி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடினாள், எத்தனை நாள் கழித்துத் திரும்பினாள், திரும்பியபோது வீட்டில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று வீட்டில் வழிவழியாகச் சொல்லிவரும் கதையை வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டும் என்றே வந்திருந்தார். வாசலில் என்னிடம் கொஞ்சம் சொன்னார். மேடையில் அத்தனை பெரிய வீரவசனம் கேட்ட பிறகு, "நம்ம கதை இதுக்கு முன்னாடி என்னப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அப்புறம் எத்தனை தரம் ஆள் அனுப்பியும் அவர் பேச ஒத்துக்கொள்ளவில்லை. ஊரை விட்டு ஓடியவர்களின் கதையை அவர்கள் வழிவந்தவர் வாயால் கேட்கிற வாய்ப்பு போனது போனதுதான், எந்த ஆவணக் காப்பகத்திலும் அது கிடைக்காது.

இதற்கு நான் இப்போது எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்வது ஒரே விதி. பெயர் தெரிந்த, வரலாற்றில் வாழ்ந்த மனிதரை மேடைக்குக் கொண்டுவந்தால் அவர் எழுதியதோ, பேசியதாகப் பதிவானதோ மட்டும்தான் அவர் வாயில் வர வேண்டும். கற்பனை செய்ய ஆசையாக இருக்கிறதா, தாராளமாகச் செய்யுங்கள், அதைப் பெயரில்லாத ஒரு பாத்திரத்துக்குக் கொடுங்கள்: எண்ணெய்த் தொட்டிப் பக்கம் காவலிருந்தவன், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன், ராயபுரத்தில் இட்லி விற்றவள். அந்த இட்லிக்காரி அன்றிரவு என்ன கேட்டிருப்பாள், என்ன பயந்திருப்பாள் என்று எழுதுங்கள். அப்போதும் அவளைச் சுற்றி இருக்கிற நேரம், விலை, தெரு எல்லாம் சுதேசமித்திரன் மாதிரியான அன்றைய பத்திரிகைகளிலிருந்து வர வேண்டும். எழும்பூரில் ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும், தரமணியில் ரோஜா முத்தையா நூலகமும் இருக்கின்றன. பஸ் ஏறினால் போய்விடலாம்.

இன்னொன்று. கற்பனை எது, பதிவு எது என்று சொல்வதைக் கடைசிக்கு வைக்காதீர்கள். நடுவிலேயே நடிப்பவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "இதுவரை சொன்னது பத்திரிகையில் வந்தது, இனி வருவது நாங்கள் யோசித்தது" என்று தன் சொந்தக் குரலில் சொல்லிவிட்டு மறுபடி கட்டிக்கொள்ளட்டும். சுவை கெட்டுவிடும் என்று பயப்படுகிறார்கள். செய்து பார்த்தால் தெரியும், அந்த நிமிடத்தில் ஜனங்கள் இன்னும் உன்னிப்பாகக் கேட்கிறார்கள். துண்டு வீடியோ எடுப்பவரும் அதைச் சேர்த்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

மெட்ராஸ் பாஷையைச் சிரிப்புக்கு வைப்பது

துரை வேஷம் கம்பீரமாகப் பேசும், வக்கீல் வேஷம் செந்தமிழில் பேசும், துறைமுகத் தொழிலாளி வந்தால் மட்டும் "இன்னா நைனா" என்று ஆரம்பித்து அரங்கம் சிரிக்கும். அந்தப் பேச்சு இங்கே உட்கார்ந்திருப்பவர்களின் வீட்டுப் பேச்சு. அதிலேயே கோபப்படலாம், அழலாம், கூலி கேட்கலாம், துரையை எதிர்த்துப் பேசலாம். அப்படி எழுதத் தெரியாதவர்கள் வண்ணாரப்பேட்டை மார்க்கெட்டில் ஒரு காலைப்பொழுது நின்று கேட்டுவிட்டு வந்து எழுதலாம்.

எதிரில் இருப்பவர்கள் யார் என்று பார்க்காதது

வெள்ளைக்காரர் நடத்திய துணி ஆலையான பின்னி மில்லின் கதை பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. வாடியா, செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, திரு.வி.க. என்று பெயர்கள் வரிசையாக வரும், மாணவர்கள் உற்சாகமாகக் கோஷம் போடுவார்கள். அதுவரை எல்லாம் நன்றாகப் போகும். 1921 வேலைநிறுத்தத்துக்கு வரும்போதுதான் கதையை வெள்ளைக்கார முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடந்த சண்டை என்று ஒரே கோட்டில் இழுத்துவிடுகிறார்கள். அந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள், தொழிலாளர்களே இரண்டாகப் பிரிந்தார்கள், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. இதை விட்டுவிட்டு நடத்தினால் பாதிக் கதை காணாமல் போகிறது. வேலைக்குத் திரும்பியவரை மேடையில் 'கருங்காலி' என்று திட்டி நடத்தினால் அதைவிட மோசம், ஏனென்றால் அவருடைய கொள்ளுப்பேத்தி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கலாம், வீடு எரிந்த கதையைக் கேட்டே அவள் வளர்ந்திருக்கலாம். அந்தக் குடும்பங்களுக்கு அப்போது கடன் எவ்வளவு, சங்கத்தில் அவர்கள் குரலுக்கு இடம் எவ்வளவு என்று கேட்காமல் அந்தக் காட்சியை எழுத உட்காராதீர்கள். ஒத்திகைக்கே இரண்டு பக்கத்துக் குடும்பங்களிலிருந்தும் பெரியவர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்கிற வரியை எடுத்துவிடுங்கள், ஏன் வேண்டாம் என்று சொன்னார்கள் என்பதையும் எழுதிவையுங்கள்.

கைக்கடிகாரம், தண்ணீர் பாட்டில்

மேடைக்கு வெளியே.

கேள்வி நேரத்தை வெட்டுவது

சொற்பொழிவு நீண்டுவிட்டால் முதலில் கத்தி விழுவது இதன்மேல்தான். வெட்டுவதாக இருந்தால் வாழ்த்துரையை வெட்டுங்கள், தேவைப்பட்டால் நடிப்பிலும் ஒரு காட்சியை எடுத்துவிடுங்கள், அரைமணி நேரம் ஜனங்களுக்கு விடுங்கள். மைக்கை முதலில் மாணவர்களிடம் கொடுக்காமல் பின்வரிசையில் இருக்கும் வயதானவர்களிடம் கொண்டுபோங்கள். கேள்வி கேட்கச் சொன்னால் கூச்சப்படுவார்கள், "உங்க வீட்ல இதைப் பத்தி என்ன சொல்வாங்க" என்று கேட்டால் பேசுவார்கள். வேஷம் கட்டியவர்கள் இந்த நேரத்தில் பாத்திரமாகவே பதில் சொல்லக் கூடாது, உடையைக் கழற்றிவிட்டுத் தங்கள் பெயரில் வந்து உட்கார வேண்டும், தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும். யாராவது ஒரு கதையைத் தொட்டுவிட்டு நிறுத்தினால் அங்கேயே நோண்டாமல், அனுமதி கேட்டு முகவரியை வாங்கிக்கொண்டு, அடுத்த வாரமே இரண்டு பேராக வீட்டுக்குப் போங்கள். பதிவு செய்ததை ஒரு பிரதி எடுத்து அவர்களுக்கே முதலில் கொடுங்கள்.