கார்பன் பொறுப்பு யாருடையது? விவாத மேடையில் கால் சறுக்கும் இடங்கள்

நவம்பர் வந்தால் டெல்லியில் இரண்டு சேர்ந்தே வரும்: கண்ணை எரிக்கும் புகைமூட்டமும், ஐ.நா. காலநிலை மாநாட்டுச் செய்திகளும். ஆர்.கே.புரம் முதல் மயூர் விஹார் வரை தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலும் பட்டிமன்ற மேடைகளிலும் "புவி வெப்பமாவதற்கு எந்த நாடு பொறுப்பு?" என்ற தலைப்பு அப்போது சுலபமாக எடுபடும். பேசுபவர்களின் தமிழில் குறை இருக்காது. கணக்குதான் காலை வாரும்.

முதல் சறுக்கல் ஜன்னலுக்கு வெளியே தெரியும் புகையிலேயே தொடங்குகிறது. "டெல்லிக் காற்றைப் பாருங்கள், இந்தியாவின் கார்பன் பொறுப்பு புரியும்" என்று தொடங்கினால் எதிரணி ஒரே வரியில் முடித்துவிடும். நுரையீரலைக் கெடுக்கும் பி.எம். 2.5 என்பது நுண்துகள். சில நாட்களிலோ வாரங்களிலோ படிந்தோ மழையில் கரைந்தோ போய்விடும். பாதிப்பு பெரும்பாலும் அந்த வட்டாரத்துக்குத்தான். கரியமில வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உலகம் முழுக்கக் கலந்து நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். பஞ்சாப், ஹரியானாவில் எரிக்கும் பராலி, அதாவது நெல்தாள், இன்னும் வழுக்கலான உதாரணம். அதிலிருந்து வரும் கரியமில வாயுவை அடுத்த பயிர் மறுபடி உறிஞ்சிக்கொள்ளும் என்று எடுத்துக்கொள்வதால் நாட்டின் உமிழ்வுக் கணக்கில் அது சேராது. மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் சேரும். புகையையும் கார்பனையும் சேர்த்துப் பேசியே ஆக வேண்டுமென்றால் நிலக்கரியையும் டீசலையும் எடுங்கள். அவை இரண்டையும் ஒரே குழாயில் கக்குகின்றன.

அலகை மாற்றிச் சொல்வது

ஒரு டன் கார்பன் வேறு, ஒரு டன் கரியமில வாயு வேறு. அணு எடைக் கணக்கில் 12-க்கு 44, அதாவது ஒரு டன் கார்பன் எரிந்தால் 3.67 டன் கரியமில வாயு. ஒரு நாட்டுக்குக் கார்பன் கணக்கையும் இன்னொரு நாட்டுக்கு வாயுக் கணக்கையும் எடுத்தால் ஒப்பீடு கிட்டத்தட்ட நான்கு மடங்கு பிசகும். பழைய அறிவியல் கட்டுரைகளிலிருந்து எண் எடுப்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மூன்றாவது அலகும் உண்டு. மீத்தேன் முதலான எல்லா வாயுக்களையும் கரியமில வாயுவாக மாற்றிக் கூட்டும் 'சமானம்'. நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன் சுமார் 28 டன்னுக்குச் சமம். இருபது ஆண்டுக் கணக்கில் 80-ஐத் தாண்டும். எந்தக் காலக்கெடு என்று சொல்லாமல் மீத்தேனைப் பற்றிப் பேசாதீர்கள். இந்தியா ஐ.நா.வுக்கு அளித்த அறிக்கைப்படி 2020-இல் நம் மொத்த உமிழ்வு சமானக் கணக்கில் 295.9 கோடி டன். காடும் நிலமும் உறிஞ்சியதைக் கழித்தால் 243.7 கோடி. இரண்டும் ஒரே அறிக்கையில் உள்ளவை, இரண்டும் சரி. எதிரணி ஒன்றைச் சொல்லும்போது நீங்கள் மற்றதைக் காட்டி "பொய்" என்றால் அவமானம் உங்களுக்கே. அது கொரோனா ஆண்டு என்பதையும் மறக்க வேண்டாம். முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 8% குறைவு.

இந்த அலகுச் சண்டையில் டெல்லிக்கு ஒரு பங்கு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3.8 கோடி டன் மீத்தேன் வெளியிடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை மதிப்பிட்டது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் வயல்களிலேயே அளந்தபோது வந்தது சுமார் 40 லட்சம் டன். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு! அதே காலத்தில், 1991-இல், டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்திலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுப்பிய கேள்வி, வயிற்றுக்காக நெல் விளைவிப்பவனின் மீத்தேனையும் வசதிக்காகக் கார் ஓட்டுபவனின் புகையையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்பது. 'பிழைப்பு உமிழ்வு, ஆடம்பர உமிழ்வு' என்று இன்று மேடைகளில் கேட்கும் வாதத்தின் வேர் அது. பயன்படுத்துங்கள். ஆனால் அது நியாயம் பற்றிய வாதம், இயற்பியல் அல்ல. வளிமண்டலத்துக்கு வயல் மீத்தேனும் கார்ப் புகையும் சூடேற்றும் வாயுக்கள்தான்.

தராசை நடுவில் மாற்றுவது

பெரும்பாலான விவாதங்கள் தோற்பது இங்கேதான். யார் அதிகப் பொறுப்பு என்பதற்கு மூன்று தராசுகள் உண்டு, மூன்றும் வேறு வேறு விடை தரும். ஆண்டுக் கணக்கில் உலகம் எரிபொருள் மூலம் வெளியிடுவது சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயு. அதில் சீனா ஏறக்குறைய 31%, அமெரிக்கா 13%, இந்தியா 8%. தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் அமெரிக்கர் 14 டன்னுக்கு மேல், சீனர் சுமார் 8, இந்தியர் சுமார் 2. தொழிற்புரட்சிக் காலம் முதல் சேர்ந்ததைக் கூட்டினால் அமெரிக்கா ஏறக்குறைய கால் பங்கு, ஐரோப்பிய ஒன்றியம் 17%, சீனா 15%, இந்தியா 3 முதல் 4% வரை.

இந்தியாவுக்காகப் பேசுபவர் தலைக்கணக்கில் தொடங்கி, "தலைக்கணக்கில் கத்தார் நம்மைவிடப் பல மடங்கு, அந்தக் குட்டி நாடுதான் அதிகப் பொறுப்பா?" என்று ஒருவர் கேட்டதும் மொத்தக் கணக்குக்குத் தாவுவார். சீனாவைக் கேட்டால் வரலாற்றுக்குப் போவார். நடுவர் இதைக் குறித்துக்கொள்வார். முதல் நிமிடத்திலேயே உங்கள் தராசு எது, ஏன் அது என்று சொல்லிவிடுங்கள்.

வரலாற்றுத் தராசுக்கு அறிவியல் பின்பலம் உண்டு, பலர் அதைச் சொல்வதே இல்லை. பூமி எவ்வளவு சூடாகிறது என்பது இதுவரை சேர்ந்த மொத்தக் கரியமில வாயுவோடு ஏறக்குறைய நேர்விகிதத்தில் போகிறது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் கணக்கில் ஒவ்வொரு லட்சம் கோடி டன்னுக்கும் சுமார் 0.45 டிகிரி செல்சியஸ். 1850 முதல் 2019 வரை சேர்ந்தது 2.4 லட்சம் கோடி டன். அதாவது 1920-இல் பிரிட்டன் எரித்த நிலக்கரி இன்றும் நம்மைச் சுடுகிறது. இதன் ஓட்டை காடழிப்பு. அதையும் சேர்த்தால் பிரேசிலும் இந்தோனேசியாவும் மேலே ஏறிவிடும், அமெரிக்காவின் பங்கு குறையும். எதை விட்டீர்கள் என்று நீங்களே சொல்வது பாதுகாப்பு.

தலைக்கணக்கின் ஓட்டை நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒன்றரை யூனிட் இழுப்பதாக வைத்து, நாளுக்கு 8 மணி நேரம், 150 நாள் ஓட்டினால் 1,800 யூனிட். நம் மின்தொகுப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்றால் 1,260 கிலோ. சராசரி இந்தியரின் ஓராண்டுப் பங்கில் பாதிக்கு மேல் ஒரே ஏ.சி.யில். ஏழைகளின் சராசரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறீர்கள் என்று எதிரணி கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் வைத்திருக்க வேண்டும்.

எல்லைக்கோட்டை மறப்பது

705 மெகாவாட் பதர்பூர் அனல் மின் நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டது. டெல்லியின் உமிழ்வு குறைந்ததா? டெல்லி எல்லைக்குள், ஆம். ஆனால் நம் விளக்கு எரிய உத்தரப் பிரதேசத்துத் தாத்ரி போன்ற இடங்களில் நிலக்கரி எரிகிறது. நாடுகளுக்கும் இதே கதை. ஐ.நா. கணக்கு எந்த மண்ணில் எரிந்தது என்றுதான் பார்க்கும், யாருக்காக எரிந்தது என்று பார்க்காது. நுகர்வுப்படி கணக்கிட்டால் பிரிட்டன், சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளின் பங்கு நன்றாகவே கூடும். இதைக் கேட்டதும் "சீனா எரிப்பதெல்லாம் மேற்கத்தியருக்காக" என்று ஒரேயடியாகப் பாய்ந்துவிடாதீர்கள். ஏற்றுமதியைக் கழித்தாலும் சீனாவுக்குக் குறைவது பத்தில் ஒரு பங்கு அளவுதான். இந்திரா காந்தி விமான நிலையத்திலிருந்து லண்டன் போகும் விமானத்தின் எரிபொருளோ எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராது. தனியாகத்தான் எழுதி வைக்கிறார்கள்.

இலக்கைத் தப்பாகப் படிப்பது

"இந்தியா 2030-க்குள் உமிழ்வை 45% குறைக்கும்" என்பது தவறு. குறைவது ஜி.டி.பி. ஒரு ரூபாய்க்கான உமிழ்வு, 2005-ஐ அடிப்படையாக வைத்து. பொருளாதாரம் நான்கு மடங்கு ஆகி இந்த 45% குறைந்தாலும் மொத்த உமிழ்வு 2.2 மடங்காகவே இருக்கும் (4 × 0.55). இன்னொன்று, "பாதி மின்சாரம் பசுமையாகிவிட்டது". 2025-இல் பாதியை எட்டியது நிறுவுதிறன், அதாவது நிலையங்கள் அதிகபட்சம் தயாரிக்கக்கூடிய அளவு. சூரியத் தகடு இரவில் தூங்கும், அனல் நிலையம் தூங்காது; அதனால் 2025-இலும் உற்பத்தியில் சுமார் 70 சதவீதம் நிலக்கரிதான்.

சட்டத்தில் நடக்கும் தவறு சிறியதாகத் தெரியும், விளைவு பெரியது. 1992 ஐ.நா. உடன்படிக்கையின் சொற்கள் 'பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்'. ஒரு அணி முதல் சொல்லை விழுங்கும், மறு அணி இரண்டாவதை விழுங்கும். பாரிஸ் ஒப்பந்தத்தில் இலக்கைச் சமர்ப்பிப்பது கட்டாயம். எட்டாவிட்டால் தண்டனை எதுவும் கிடையாது. காலநிலைப் பேரிடர்களில் அடிபடும் வளரும் நாடுகளுக்கான இழப்பு-சேத நிதியை 'நஷ்டஈடு' என்று சொல்வதும் பிழை. இழப்பு-சேதப் பிரிவு சட்டப் பொறுப்புக்கோ நஷ்டஈட்டுக்கோ அடிப்படை ஆகாது என்று 2015 பாரிஸ் முடிவிலேயே எழுதி வைத்தார்கள். 2025 ஜூலை 23-இல் சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்குக் காலநிலைக் கடமை உண்டு என்றது. ஆனால் அது ஆலோசனைக் கருத்து, தீர்ப்பு என்று சொன்னால் பிடித்துவிடுவார்கள்.

பணக்கணக்கில் ஒன்றே ஒன்று: பணக்கார நாடுகள் வளரும் நாடுகளுக்கு 2009-இல் கோபன்ஹேகனில் வாக்களித்த ஆண்டுக்கு 10,000 கோடி டாலரும், 2024-இல் பாகூவில் 2035-க்குள் என்று சொன்ன 30,000 கோடி டாலரும் தானமல்ல. கடனும் அதில் அடங்கும்.

கடைசியாக, "உலக உமிழ்வில் நாம் 8% மட்டுமே, நாம் குறைத்து என்ன ஆகப்போகிறது?" கைதட்டல் கிடைக்கும், ஆனால் இது சொந்த கோலில் பந்தைத் தள்ளும் வாதம். இன்றைய ஆண்டுக் கணக்கில் பிரிட்டன் 1 சதவீதத்துக்கும் கீழே. 8% காரன் கையை உதறலாம் என்றால் 1% காரன் இன்னும் சுலபமாக உதறிவிடுவான், ஐந்து நிமிடத்துக்கு முன் நீங்கள் காட்டிய நூற்றைம்பது ஆண்டு நிலக்கரியோடு.