வாரத்துக்கு ஒரே ரயில்: டென்டன் போன்ற நிலையங்களில் ஏறி இறங்குவது எப்படி

பிரிட்டனில் ஒரு ரயில் நிலையத்தை மூடுவது லேசான காரியமல்ல. அறிவிப்பு கொடுத்து, பொதுமக்களின் கருத்தைக் கேட்டு, ஒழுங்குமுறை ஆணையம் வரை போக வேண்டும். அந்தப் பாடு படுவதற்கு வாரம் ஒரு வண்டி ஓட்டிவிடலாம். இதற்குப் 'பார்லிமென்ட்ரி ரயில்' என்று பெயர். மைலுக்கு ஒரு பென்னி கட்டணத்தில் தினமும் ஒரு வண்டியாவது விட வேண்டும் என்ற 1844-ம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த பெயர் இது. ஏழைகள் பயணம் செய்யப் பிறந்த சொல், இன்று யாரும் ஏறாத வண்டிக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மான்செஸ்டரை ஒட்டிய டென்டனும் ரெட்டிஷ் சவுத்தும் ஸ்டாக்போர்ட் – ஸ்டேலிபிரிட்ஜ் பாதையில் இருக்கின்றன. 1989-ல் பென்னைன் மலையைக் கடக்கும் ரயில்கள் மான்செஸ்டர் பிக்கடிலி நிலையத்துக்கு மாறின. ஸ்டாக்போர்ட் பயணிகள் அங்கேயே வண்டி மாற முடிந்தது. வண்டி மாற ஸ்டேலிபிரிட்ஜ் வரை போக வேண்டிய தேவை போனதும், இந்த இணைப்புப் பாதை காய்ந்துவிட்டது. இப்போது சனிக்கிழமை காலையில் திசைக்கு ஒரு வண்டிதான்.

முதலில் கிழமையை உறுதி செய்யுங்கள். அட்டவணையில் 'எஸ்.ஓ' என்றால் சனி மட்டும்; 'எஸ்.எக்ஸ்' என்றால் சனி தவிர. இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். டிசம்பர், மே மாதங்களின் நடுவில் அட்டவணை மாறும். பழைய தாளை நம்ப வேண்டாம். பாதைப் பராமரிப்பு பெரும்பாலும் வார இறுதியில்தான் நடக்கும் என்பதால், முந்தைய இரவும் புறப்படும் முன்பும் ஒரு முறை பாருங்கள். அந்த ஒரு வண்டி ரத்தானால் அடுத்தது ஏழு நாள் கழித்துத்தான்.

நேரத்துக்குப் பக்கத்தில் 'எக்ஸ்' குறி இருந்தால், கேட்டால்தான் வண்டி நிற்கும். நிழற்குடைக்குள் உட்கார்ந்திருந்தால் ஓட்டுநர் கண்ணுக்கு நடைமேடை காலியாகத் தெரியும். வண்டி நிற்காமல் போய்விடும். பத்து நிமிடம் முன்பே வந்து, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வெட்டவெளியில் நில்லுங்கள். வண்டி கண்ணில் பட்டதும் கையை நன்றாக நீட்டி, வேகம் குறையும்வரை இறக்காதீர்கள். இறங்க வேண்டுமென்றால் ஏறியவுடன் கார்டிடம் சொல்லுங்கள். எந்தக் கதவு திறக்கும் என்றும் அவரே சொல்வார்.

பயணச்சீட்டு விஷயம் முக்கியம். ஆண்டுதோறும் வெளியாகும் நிலையப் பயன்பாட்டுக் கணக்கு, ஏப்ரல் முதல் மார்ச் வரை விற்ற சீட்டுகளை வைத்துப் போடப்படுவது, ஆளை எண்ணுவதில்லை. 2023-24-ல் டென்டனுக்குக் கிடைத்த எண் 54. பக்கத்துப் பெரிய நிலையத்தின் பெயரில் சீட்டு எடுத்தால் உங்கள் பயணம் அந்த நிலையத்துக்கே போய்ச் சேரும். சீட்டில் 'டென்டன்' என்ற பெயர் இருக்கட்டும். அங்கே கவுன்ட்டர் கிடையாது. இணையத்தில் எடுங்கள், அல்லது வண்டியில் கார்டிடம் வாங்குங்கள். வாரம் ஒரு வண்டி விட்டுவிட்டு 'ஆளே வருவதில்லை' என்று சொல்வது நியாயமல்ல. சீட்டில் பெயர் இருந்தால்தான் எதிர்த்துப் பேச ஆதாரம் இருக்கும்.

லண்டனின் சட்பரி அண்டு ஹாரோ ரோடு நிலையத்துக்கு (1906) வேறு கதை: திங்கள் முதல் வெள்ளி வரை, அலுவலக நேரத்தில் மட்டும் வண்டி. காலை வண்டியைத் தவறவிட்டால் மாலைவரை காத்திருக்க வேண்டாம். நடந்துபோகிற தூரத்தில் சட்பரி டவுன் இருக்கிறது, அங்கே லண்டன் சுரங்க ரயிலின் பிக்கடிலி பாதை வண்டிகள் அடிக்கடி வரும். ஹாரோ ரோடு நிலையத்தின் ஆட்களைச் சட்பரி டவுன் இழுத்துக்கொண்டதும் அதனால்தான். டென்டனில் அந்த வசதி கிடையாது. திரும்பி வர எந்தப் பேருந்து, எங்கே நிற்கும் என்பதைப் புறப்படும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.