திட்டப் பணத்தை ஒரே கணக்கிற்குக் கொண்டுவருவது எப்படி?

ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து செலவிடும் ஒவ்வொரு திட்டத்திற்கும் மாநிலத்தில் ஒரே முகமை, ஒரே வங்கிக் கணக்கு என்னும் முறை 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எஸ்.என்.ஏ (ஒற்றை முகமை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அலுவலகங்களில் சொல்லப்படும் இம்முறைக்குத் திட்டத்தைக் கொண்டுவரும் பொறுப்பு உங்களிடம் வந்தால், அரசுப் பணம் வழங்கலைக் கண்காணிக்கும் இணையத் தளமான பி.எஃப்.எம்.எஸ் திரையைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலில் வங்கிக் கணக்குகளை எண்ணுங்கள். மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று கீழே போகப் போக, எப்போதோ முடிந்துபோன திட்டத்தின் பெயரில் மேசை இழுப்பறையில் ஒரு பாஸ்புக் கிடக்கும். அதில் வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். அரசு வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் சொந்தப் பணம் இப்படித் தூங்குவதைத் தடுப்பதுதான் இந்த மாற்றத்தின் நோக்கம். வங்கி இருப்பையும் ரொக்கப் பதிவேட்டையும் ஒப்பிட்டு, வேறுபாட்டிற்குக் காரணம் எழுதி வாங்கிய பிறகே மீதியை முகமையின் கணக்கிற்கு மாற்றுங்கள். இந்த ஒப்பீட்டை அவசரமாக முடித்த அலுவலகம் பின்னர் தணிக்கையில் பதில் சொல்லியே களைத்துப்போகும்.

அடுத்தது கணக்குத் தலைப்புகள், அதாவது அரசின் வரவு செலவுகளை வகைப்படுத்தும் எண்கள். ஒன்றிய அரசு மானியமாகத் தரும் தொகை அதன் புத்தகத்தில் 3601 என்னும் பெருந்தலைப்பில் செலவாகவும், மாநிலப் புத்தகத்தில் 1601இல் வரவாகவும், ஊரக வளர்ச்சிப் பணி என்றால் 2515 போன்ற தலைப்பில் மீண்டும் செலவாகவும் பதிவாகிறது. ஒரே ரூபாய்க்கு மூன்று முகவரிகள். இவற்றை ஒன்றோடொன்று பொருத்தும் அட்டவணையை மென்பொருள் நிறுவனத்திடம் விட்டுவிடாமல், கருவூலத்தில் செலவுப் பட்டியல்களை (பில்களை)த் தணிக்கை செய்து பழகியவரை உட்காரவைத்துத் தயாரியுங்கள். என் கணிப்பில், மொத்த வேலையில் பாதி இதுதான்.

கீழ்நிலை அலுவலகங்களுக்கு இருப்பில்லாக் கணக்கும் (தனியே பணம் தங்காத வங்கிக் கணக்கு), முகமையின் கணக்கிலிருந்து அவை எடுக்கக்கூடிய செலவு வரம்பும் ஒதுக்குங்கள். பயனாளியின் பெயர் வங்கிப் பதிவோடு ஒத்துப்போகாமல் திரும்பும் பணத்தைத் தினமும் பார்க்க ஒருவரை நியமியுங்கள். டிஜிட்டல் கையொப்பச் சாவியுடன் அலுவலர் இடமாற்றலாகிப் போனால் ஊராட்சி ஒன்றியமே சம்பளமின்றி நிற்கும் என்பதால், மாற்றுக் கையொப்பதாரரை முன்கூட்டியே பதிவுசெய்வது நல்லது.

ஒன்றிய அரசின் பங்கு ஒரு தவணைக்கு 25 சதவீதத்திற்கு மேல் வராது. முந்தைய தொகையில் 75 சதவீதமாவது செலவாகி, மாநிலப் பங்கும் கணக்கில் சேர்ந்தால்தான் அடுத்தது கிடைக்கும். கணக்கில் சேரும் வட்டியும் உங்களுடையதன்று. பங்கு விகிதப்படி இரு அரசுகளின் தொகுநிதிக்கும் (அரசின் வருவாய் சேரும் முதன்மை நிதி) திருப்ப வேண்டும்.

2023இல் அறிமுகமான எஸ்.என்.ஏ ஸ்பர்ஷ் முறையில், பணம் வழங்கும் நேரம் வரை தொகை ரிசர்வ் வங்கியிலேயே இருப்பதால், நீங்கள் பாடுபட்டுத் திறந்த அந்த ஒற்றை வங்கிக் கணக்கும் தேவையற்றதாகிவிடுகிறது. தலைப்புகளைப் பொருத்திய அட்டவணை மட்டும் அங்கேயும் வேண்டும்.