பிரிட்டனில் சமையல் மாஸ்டருக்கு ஸ்பான்சர் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயரில் எழுத்துப்பிழை, காலாவதியான பாஸ்போர்ட் இதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். ஸ்பான்சர் செய்வது என்றால், வெளிநாட்டு மாஸ்டரின் வேலை விசாவுக்கு முதலாளியாகப் பொறுப்பேற்பது. அதில் புதிதாக உணவகம் தொடங்குபவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடங்களில்.

ஊரிலிருந்து ஆள் எடுக்கலாம் என்று நம்புவது

2025 ஜூலை 22-லிருந்து ஸ்கில்ட் ஒர்க்கர் விசாவுக்கு (முதலாளி ஸ்பான்சர் செய்யும் வேலை விசா) புதிதாக வருபவரின் வேலை பட்டப்படிப்பு நிலையில் இருக்க வேண்டும். செஃப் வேலை அதில் சேராது. அந்தத் தேதிக்கு முன்பிருந்தே இந்த விசாவில் இருக்கும் செஃப்களை மட்டும் எடுக்கலாம். அதுவும் தற்காலிகச் சலுகைதான். "இன்னும் வழி இருக்கிறது" என்று முன்பணம் கேட்கும் ஏஜென்டை நம்பாதீர்கள்.

ஸ்பான்சர் செலவை மாஸ்டர் தலையில் கட்டுவது

இதைத்தான் பொறுத்துக்கொள்ளவே முடிவதில்லை. வெளிநாட்டு ஆளை எடுப்பதற்காக அரசு வாங்கும் இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ் முழுக்க முழுக்க முதலாளி கட்ட வேண்டியது. 2024 டிசம்பர் 31 முதல் ஸ்பான்சர் செய்ய முதலாளி வாங்கும் லைசென்ஸின் கட்டணத்தையும், வேலையும் சம்பளமும் குறித்து ஒவ்வொரு ஆளுக்கும் அவர் கொடுக்கும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழின் கட்டணத்தையும்கூடத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. "இரண்டு வருடத்துக்குள் வேலையை விட்டால் திருப்பித் தர வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதும் இதே தவறுதான். விசா கட்டணம், விசாவோடு கட்டும் சுகாதாரக் கட்டணம் இரண்டையும் மாஸ்டர் கட்டலாம்.

வழக்கமாக நடப்பது இது: சான்றிதழில் ஆண்டுச் சம்பளம் 42,000 பவுண்டு. பே ஸ்லிப்பில் மாதம் 300 பவுண்டு "கடன்" என்று பிடிக்கிறார்கள். 2025 ஏப்ரலில் வந்த விதிப்படி, குடியேற்றச் செலவுக்காகப் பிடிக்கும் தொகையைக் கழித்துத்தான் சம்பளம் பார்க்கப்படும். 42,000-இல் 3,600 போனால் 38,400. இந்த விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பான 41,700-க்குக் கீழே. இது பிடிபட்டு முதலாளியின் லைசென்ஸ் ரத்தானால் பெரும்பாலும் 60 நாளுக்குள் மாஸ்டர் வேறு ஸ்பான்சரைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். தப்பு செய்தது முதலாளி. பெட்டியைக் கட்டுவது குடும்பத்தோடு வந்தவர். கடன் வாங்கி வந்தவரிடம் இதைச் செய்வது அநியாயம்.

விசா வருமுன் அடுப்படியில் நிறுத்துவது

வேறு உணவகத்தின் ஸ்பான்சரில் இருப்பவர், உங்கள் பெயரில் புது அனுமதி கிடைத்த பிறகே முழுநேர வேலையைத் தொடங்கலாம். விண்ணப்பித்த ரசீது போதாது. மீறினால் முதல் முறை ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை, மறுபடி சிக்கினால் 60,000 வரை அபராதம்.

கிளை மாற்றம்

மாஸ்டரை வேறு கிளைக்கு மாற்றினால், பத்து வேலை நாளுக்குள் அரசின் இணையதளத்தில் உள்ள உங்கள் ஸ்பான்சர் கணக்கில் பதியுங்கள்.

செஃப் என்று எடுத்து பாத்திரம் கழுவ விடுவது

சான்றிதழில் உள்ள வேலையை மட்டும் கொடுங்கள்.